கருவில இருக்கிற பிள்ளைகளுக்கான செபத்தை நான் சொல்லலாமோ?

யாழ்ப்பாணத்தில இருந்து 31 வயசுச் சகோதரி ஒராள் நாலு பக்கம் கையால எழுதி அனுப்பியிருக்கிறா. பேர், ஊர், பங்கு எல்லாத்தையும் எடுத்திட்டு, அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தி, சுருக்கித் தாறன்.

22 வயசில கொழும்பில படிக்கேக்க ஒரு பெடியனோட பழகி கரு தங்கியிருக்கு. அவர் "நீயே பார்த்துக்கொள்" எண்டிட்டு போனை நிப்பாட்டிட்டார். கூடப் படிச்ச பிள்ளை ஒண்டு எங்கயோ வாங்கிக் குடுத்த குளிசையைப் போட்டிட்டு, போர்டிங் அறையைப் பூட்டிக்கொண்டு தனியக் கிடந்திருக்கிறா. வீட்டில இண்டைவரைக்கும் ஆருக்கும் தெரியாது. 3 வருசத்துக்கு முந்தி கலியாணம், நல்ல மனுசன், அவருக்கும் தெரியாது. போன வருசம் ஒரு கரு 9 கிழமையில தானாக் கலைஞ்சிட்டுது. இப்ப திரும்ப 11 கிழமை. பங்குனி 25 அண்டு கோயிலில கருவில இருக்கிற உயிர்களுக்காக விசேட செபம் வச்சிருக்கினம், மாமி கையோட கூட்டிக்கொண்டு போயிருக்கிறா, அங்க திரையில படங்கள் போட்டுக் காட்டினதைப் பார்த்து "சத்தி வருது" எண்டு சொல்லி வெளியில வந்து பைப்படியில நிண்டிருக்கிறா. ஆபத்தில இருக்கிற முகம் தெரியாத ஒரு கருவை மனசால தத்தெடுத்து 9 மாசம் அதுக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறதுக்கு எண்டு எல்லாருக்கும் ஒரு காட் குடுத்திருக்கினம். அந்தக் காட் இப்ப அலுமாரியில சீலைக்குக் கீழ கிடக்குதாம். மாமி ஒவ்வொரு நாளும் "சொன்னனியோ பிள்ளை?" எண்டு கேக்கிறா.

அவ கேக்கிறது நாலு விசயம். திருச்சபை என்னை வெளியில போட்டிட்டுதோ, நான் நற்கருணை வாங்கினதெல்லாம் இன்னும் பாவமோ? போன வருசம் கலைஞ்சது அதுக்கான தண்டனையோ, இந்தப் பிள்ளையையும் எடுத்திடுவாரோ? கிளினிக்கில பதியப்போனால் "இது எத்தினையாவது?" எண்டு கேப்பினம், உண்மையைச் சொன்னால் பொலிஸ், சொல்லாட்டிப் பொய், அதால இன்னும் பதியேல்ல, என்ன செய்ய? அந்தச் செபத்தைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கோ?

அன்புத் தங்கச்சி,

மூண்டாம் பக்கத்தில ஒரு வரியை எழுதிப்போட்டு வெட்டியிருக்கிறியள். வெட்டினாலும் வாசிக்கக்கூடியதா இருக்கு. அதை நான் மேல போடேல்ல, ஆனா மற்ற எல்லாத்துக்கும் முதல் அதைப் பற்றித்தான் கதைக்கோணும். அந்த நினைப்பு திரும்ப வந்தால் விடியட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்காமல் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், பேர் சொல்லவேண்டியதில்லை. அல்லாட்டி பக்கத்தில படுத்திருக்கிறவரைத் தட்டி எழுப்பி "எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் முழிச்சிருங்கோ" எண்டு மட்டும் சொல்லுங்கோ, காரணம் பேந்து பார்க்கலாம். நித்திரை இல்லாமல் ரெண்டு மணிக்கு முழிக்கிறதையும் டொக்டரிட்ட சொல்லுங்கோ. வயித்தில பிள்ளையோட இருக்கேக்க வாற மனச்சோர்வுக்கு வைத்தியம் இருக்கு, அது விசுவாசக் குறைவு இல்லை.

நான் உளவளத்துணை செய்யிற ஆள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போற ஆள், அவ்வளவுதான். பாதரும் இல்லை டொக்டரும் இல்லை சட்டத்தரணியும் இல்லை. எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுறன். நடந்தது ஒண்டுமில்லை எண்டு சொல்லி உங்களைத் தேத்த நான் வரேல்ல. உங்களுக்கும் அப்பிடி ஒரு ஆறுதல் வேண்டாம் எண்டு கடிதத்தைப் பார்க்கவே விளங்குது, 9 வருசமா அதை ஒரு பிள்ளையாத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறியள். ஆனா அதுக்கு மேல நீங்கள் கட்டி வச்சிருக்கிற கனக்க விசயம் திருச்சபை சொன்னதில்லை, மருத்துவம் சொன்னதுமில்லை. பயமும் அங்க இஞ்ச கேட்ட கதையளும் சேர்ந்து கட்டினது.

திருச்சபை உங்களை வெளியில போட்டிட்டுதோ?

கருக்கலைப்புச் செய்தால் செய்த அந்த நேரமே திருச்சபையில இருந்து விலக்கப்படுற தண்டனை விழும் எண்டு திருச்சபைச் சட்டத்தில இருக்கிறது உண்மைதான், இப்ப அது 1397 ஆம் இலக்கத்தில இருக்கு. ஆனா அதே சட்டப் புத்தகம் கொஞ்சம் முன்னுக்கு, 1324 ஆம் இலக்கத்தில, இன்னொண்டும் சொல்லுது. இப்பிடி ஒரு தண்டனை இருக்கெண்டு தன்ர பிழையில்லாமலே தெரியாமல் இருந்த ஆளுக்கும், பெரிய பயத்தின்ர நெருக்கடியில செய்த ஆளுக்கும், அந்தத் தன்னால விழுற தண்டனை விழாது. உங்களுக்கு அப்ப அது தெரியாது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், "அம்மா செத்துப்போவா எண்டு பயந்தன்" எண்டும் எழுதியிருக்கிறியள். முடிவா உங்களுக்குச் சொல்லவேண்டியவர் பாவசங்கீர்த்தனம் கேக்கிற குருவானவர்தான். ஆனா நீங்கள் நினைக்கிற மாதிரி கதவைப் பூட்டித் திறப்பை எறிஞ்ச கதை இல்லை இது.

அடுத்தது, "ஆயரிட்டப் போய்த்தான் மன்னிப்புக் கேக்கோணுமாம்" எண்டு எழுதியிருக்கிறியள். ஒரு காலத்தில ஆயரிட்டயோ அவர் அதிகாரம் குடுத்த குருவிட்டயோதான் போகவேணும் எண்டு இருந்தது. 2016 கார்த்திகையில, இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடியேக்க, பாப்பரசர் பிரான்சிஸ் அந்த அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாக் குடுத்திட்டார். அதால நீங்கள் எந்தக் கோயிலில எந்தப் பாதரிட்டயும் போகலாம். உங்கட பங்குப் பாதர் குரலில மட்டுக்கட்டிடுவார் எண்டு கூச்சமா இருந்தால் பேராலயத்துக்குப் போங்கோ, குருநகருக்குப் போங்கோ, பாசையூருக்குப் போங்கோ, தட்டிக்கு மறுபக்கம் முழங்காலில இருந்து சொல்லுங்கோ. ஆடியில மடுவுக்குப் போகேக்க பார்ப்பம் எண்டு இழுக்காதேங்கோ, அதுக்கு இன்னும் கனநாள் கிடக்கு. சொன்னதை அவர் உங்கட மனுசனுக்கோ மாமிக்கோ பொலிசுக்கோ ஆயருக்கோ ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது, சொன்னால் விலக்கு விழுறது அவருக்குத்தான்.

நற்கருணை வாங்கினதைப் பற்றி: அதையும் அதே இடத்தில சேர்த்துச் சொல்லிவிடுங்கோ. அதுவரைக்கும் வரிசையில போகாமல் இருக்கிறது நல்லம். "ஏன் போகேல்ல?" எண்டு மாமி கேட்டால் "வயித்துக்குச் சரியில்லை" எண்டால் போதும், 11 கிழமையில அது பொய்யாவும் இராது.

போன வருசம் கலைஞ்சது தண்டனையோ?

இல்லை. இதை நான் சுத்தி வளைச்சுச் சொல்லப்போறேல்ல.

பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைப் பார்த்து "இது இவர் செய்த பாவமோ, இவரைப் பெத்தவை செய்த பாவமோ?" எண்டு சீடர்கள் கேட்டதுக்கு, ரெண்டுமில்லை எண்டு இயேசு சொன்னது யோவான் 9 ஆம் அதிகாரத்தில இருக்கு. அதை விடுங்கோ, அண்டைக்குக் கோயிலில நீங்கள் எல்லாரும் எதைச் சொல்லிச் செபிச்சனீங்கள்? கருவில இருக்கிற உயிர் குற்றமறியாதது, அது கடவுளுக்குச் சொந்தம், ஆரும் அதில கை வைக்கக்கூடாது எண்டுதானே. அப்ப அதே கடவுள் உங்களில இருக்கிற கோபத்துக்கு 9 கிழமைப் பிள்ளை ஒண்டை எடுத்துக் கணக்குத் தீர்க்கிறார் எண்டு எப்பிடி நம்புறியள்? ரெண்டையும் ஒரே வாயால சொல்ல ஏலாது தங்கச்சி.

மருத்துவப் பக்கமும் இதுதான். கர்ப்பம் எண்டு தெரிய வந்ததில நூறுக்கு 10 இல இருந்து 20 வரை தானாக் கலையுது, கூடுதலா முதல் 12 கிழமைக்குள்ள, அதில பாதிக்குக் கிட்ட கருவின்ர நிறமூர்த்தங்களில வாற பிழையால. நீங்கள் மாடி ஏறினதாலயோ ஸ்கூட்டியில போனதாலயோ அழுததாலயோ இல்லை. 9 வருசத்துக்கு முந்திப் போட்ட குளிசையாலயோ எண்டு கேட்டியள். தொற்று ஒண்டும் வராமல் முடிஞ்சிருந்தால் அது பிறகு வாற கருவைக் கலைக்காது எண்டுதான் டொக்டர்மார் சொல்லுவினம். பிறகு காய்ச்சல் வந்ததோ, ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையைக் கிளீன் பண்ணினவையோ எண்டு நீங்கள் எழுதேல்ல. அப்பிடி ஏதும் நடந்திருந்தால் டொக்டர் கட்டாயம் அறியோணும்.

கிளினிக்

உங்கட கடிதத்தில எனக்கு உண்மையாப் பயம் தந்தது இந்த இடம்தான். எட்டுக் கிழமைக்குள்ள பதியச் சொல்லித்தான் எங்கட நாட்டில சொல்லுறவை, நீங்கள் 11 தாண்டப் போறியள். போலிக் அசிட் முக்கியமான காலம் இந்த முதல் 12 கிழமை. சீனி, பிரஷர், ரத்தச் சோதனை ஒண்டும் இன்னும் பார்க்கேல்ல. மாமி ஒவ்வொரு நாளும் ஆரோ ஒரு கருவுக்காகச் செபிக்கச் சொல்லுறா, நீங்களும் அதை நினைச்சுத்தான் நித்திரையில்லாமல் கிடக்கிறியள், ஆனா காப்பாத்த வேண்டிய கரு உங்கட வயித்தில பதிவில்லாமல் இருக்கு. அந்தச் செபம் முதலில நிறைவேற வேண்டிய இடம் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்தான் எண்டு நான் நினைக்கிறன்.

"எத்தினையாவது?" எண்டு கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஒண்டை மட்டும் சொல்லுறன். தாயின்ர ரத்தம் நெகட்டிவ் வகையா இருந்து, முந்தி வயித்தில வந்த கரு பொசிட்டிவ்வா இருந்தால், அது கலைஞ்ச நேரம் தாயின்ர உடம்பில ஒரு எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கலாம். அடுத்து வாற பிள்ளையும் பொசிட்டிவ் எண்டால் அது பிள்ளையின்ர ரத்தத்தைத் தாக்கலாம். அதைப் பார்க்கச் சோதனை இருக்கு, வராமல் தடுக்க அன்ரி-டி எண்டு ஊசி இருக்கு, ஆனா எத்தினை தரம் கரு தங்கினது எண்டு சரியாத் தெரிஞ்சால்தான் டொக்டர் அதை விடாமல் பார்ப்பார். எங்கட சனத்தில கூடுதலான ஆக்கள் பொசிட்டிவ்தான், அதால இப்பவே இதுக்கும் சேர்த்துப் பயப்பிட வேண்டாம்.

சட்டத்தை மறைக்காமல் சொல்லுறன். எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுச் சட்டம். அதின்ர 303 ஆம் பிரிவின்படி தாயின்ர உயிரைக் காப்பாத்தச் செய்தாலொழிய கருக்கலைப்புக் குற்றம், 3 வருசம் வரை மறியல், பிள்ளை வயித்தில அசையத் தொடங்கின பிறகெண்டால் 7 வருசம் வரை, தனக்குத் தானே செய்த பெண்ணையும் அந்தப் பிரிவு உள்ளடக்குது. அதால ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ. ஆனா கிளினிக்கில கேக்கிறது பொலிஸ் விசாரணை இல்லை. ஒரு கர்ப்பிணி தன்ர வைத்தியத்துக்காகப் பழைய கதையைச் சொல்லப்போய் பொலிசில மாட்டினதா நான் இவ்வளவு காலத்தில கேள்விப்படேல்ல. அப்பிடியும் மனசு அடங்காட்டி, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில அலுவலகம் இருக்கு, பேர் சொல்லாமல் "இப்பிடி ஒராளுக்கு" எண்டு போய்க் கேளுங்கோ.

வழி மூண்டு இருக்கு. மிட்வைஃபிட்ட வெளிப்படையாச் சொல்லலாம். அவ உங்கட ஊர்ப்பக்கம் வீடு வீடாப் போறவ, அதால உங்களுக்கு அது சங்கடம் எண்டால் எனக்கு விளங்குது. ரெண்டாவது, பதியேக்க போன வருசத்தை மட்டும் சொல்லிப்போட்டு, டொக்டரைப் பார்க்கேக்க "தனியக் கதைக்கோணும்" எண்டு கேட்டு வாயால சொல்லி, வீட்டில வச்சிருக்கிற கிளினிக் காட்டில அதை எழுதவேணுமோ எண்டு அவரிட்டயே கேக்கலாம். மூண்டாவது, பிரைவேட்டில ஒரு விஓஜியை (மகப்பேற்று விசேட வைத்தியரை) கண்டு முழுக்கச் சொல்லலாம், காசு போகும். எனக்கு ரெண்டாவதுதான் சரியாப் படுது. ஒண்டும் சொல்லாமல் விடுறது எண்ட நாலாவது வழியும் இருக்கெண்டு நீங்கள் நினைப்பியள், அதை நான் வழிக்குள்ள சேர்க்கேல்ல.

மனுசனுக்குச் சொல்லோணுமோ?

பாவசங்கீர்த்தனம் செல்லுபடியாக மனுசனுக்கும் சொல்லியிருக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. சொன்னால் ஒரு பாரம் இறங்கும், அதோட அவர் எப்பிடி எடுப்பார் எண்டு தெரியாத ஒரு காலமும் வரும், அதை நித்திரையில்லாத இந்த நாளில தாங்குவியளோ எண்டதுதான் கேள்வி. இப்ப வேண்டாம் எண்டுதான் எனக்குப் படுது. முதலில பாதர், டொக்டர், நித்திரை. பேந்து சொல்ல வேணும்போல இருந்தால் ஒரு உளவளத்துணையாளரையோ ரெண்டு பேருக்கும் பழக்கமான ஒரு பாதரையோ வச்சுக்கொண்டு கதைக்கலாம். அவர் கோபக்காரர், கை நீட்டுவார் எண்ட பயம் இருந்தால் கதையே வேற, நீங்கள் அப்பிடி எழுதேல்ல.

அந்தக் கொழும்புப் பெடியனுக்கு உங்கட நாலு பக்கத்தில ஒரே ஒரு வரிதான் குடுத்திருக்கிறியள், பழி முழுக்க உங்களுக்கு. 1995 இல பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உயிரின் நற்செய்தி பற்றி எழுதின சுற்றுமடலின்ர 59 ஆம் பத்தியில தகப்பனையும் பிடிக்கிறார். கலைக்கச் சொல்லி வற்புறுத்தினவன் மட்டுமில்லை, அவளைத் தனிய விட்டிட்டுப் போனவனும் அதுக்குப் பொறுப்பு எண்டு எழுதியிருக்கிறார். உங்கட பங்கு குறையுது எண்டதுக்காகச் சொல்லேல்ல. கணக்கு எண்டால் கணக்குச் சரியா இருக்கோணும்.

அந்தக் காட்

அதே மடலின்ர 99 ஆம் பத்தி நேரா உங்களுக்குத்தான். கருக்கலைப்புச் செய்த பெண்களைப் பார்த்துப் பாப்பரசர் கதைக்கிறார். காயம் இன்னும் ஆறியிருக்காது எண்டு தெரியும், நடந்தது பிழைதான், ஆனா மனம் உடைஞ்சு நம்பிக்கையை விட்டிடாதேங்கோ, ஒப்புரவுக்கு வாங்கோ, பிள்ளையைத் தந்தையின்ர இரக்கத்திட்ட நம்பி ஒப்படையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, உயிரைக் காக்கிறதுக்கு ஆக வலுவாக் குரல் குடுக்கக்கூடியவை நீங்கள்தான் எண்டும் சொல்லுறார். மடல் வெளியில வந்தது பங்குனி 25, மங்களவார்த்தைத் திருவிழா அண்டு, உங்கட கோயிலில செபம் வச்ச அதே நாள். செபக் குழுக்காரருக்கு ஒரு சொல்: திரையில படம் போடுறதுக்கு முதல் இந்தப் பத்தியை ஒருக்கா வாசியுங்கோ, வாங்கில இருக்கிற பெண்களில ஆர் என்னத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாது. அந்தப் படங்களால ஒரு கரு தப்பினதோ தெரியாது, ஒரு கர்ப்பிணி பைப்படியில நிண்டவ எண்டு எனக்குத் தெரியும்.

தகுதி இருக்கோ எண்டு கேட்டியள். செபமாலையில திரும்பத் திரும்பச் சொல்லுற அருள்நிறைந்த மரியே செபத்தில நாங்கள் என்ன சொல்லுறம்? முன்பாதியில "உம்முடைய திருவயிற்றின் கனி", பின்பாதியில "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக". வயித்தில இருக்கிற பிள்ளையும் பாவிகளும் ஒரே செபத்துக்குள்ள ஒரு மூச்சு இடைவெளியிலதான் இருக்கினம். தகுதி பார்த்துச் சொல்லுற செபம் எண்டால் ஒருத்தரும் ஒரு மணியும் உருட்ட ஏலாது.

இன்னொண்டு, எலிசபெத்தம்மா கரு தங்கின பிறகு ஐஞ்சு மாசம் ஒருத்தர் கண்ணிலயும் படாமல் வீட்டுக்குள்ள இருந்தவ எண்டு லூக்கா முதலாம் அதிகாரத்திலயே இருக்கு. ஊர் வாய் அப்பவும் இருந்திருக்கு. மரியா அங்க போய் மூண்டு மாசம் அவவோட நிண்டவ. உங்களோட அப்பிடி நிக்கக்கூடிய ஒரு ஆளைத் தேடுங்கோ, அக்காவைப் பற்றி எழுதின விதத்தைப் பார்த்தால் அவவா இருக்கலாம் எண்டு எனக்குப் படுது.

காட்டை இப்ப கட்டாயப்படுத்திச் சொல்ல வேண்டாம். 9 மாசம் எண்ணிக்கொண்டு ஒரு நாள் விட்டால் இந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆயிடும் எண்டு நீங்கள் நினைப்பியள், இருக்கிற பயத்துக்கு அது இன்னும் நெருப்பு வைக்கும். பாவசங்கீர்த்தனம் முடிஞ்ச பிறகு விருப்பமெண்டால் எடுங்கோ. அதுவரைக்கும் படுக்கேக்க வயித்தில கை வச்சு ஒரே வரி, "இயேசு மரி சூசையே, இந்தப் பிள்ளையையும் என்னையும் பாருங்கோ." மாமி கேட்டால் "சொன்னன் மாமி" எண்டு மனச்சாட்சியோட சொல்லலாம்.

போன ரெண்டு பிள்ளைகளுக்கும் பேர் வைக்கலாமோ எண்டு கடைசியில சின்ன எழுத்தில கேட்டிருந்தியள். வையுங்கோ, உங்கட மனசுக்குள்ள வைக்கிறதை ஆரும் தடுக்கேல்ல. ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகளைத் திருச்சபை கடவுளின்ர இரக்கத்திட்டத்தான் ஒப்படைக்குது எண்டு மறைக்கல்வி ஏடு சொல்லுது. அவை மீட்படைவினம் எண்டு நம்புறதுக்குக் காரணம் இருக்கெண்டு 2007 இல உரோமையில இறையியல் ஆணைக்குழு ஒரு ஏடே வெளியிட்டது. பூசைக்குக் குடுக்கேக்க "ஒரு சிறப்புக் கருத்துக்காக" எண்டு எழுதினால் போதும். மார்கழி 28, மாசற்ற குழந்தைகள் திருநாள், அதுக்கு ஒரு நல்ல நாள். கணக்குப்படி அப்ப உங்கட கையில ஒரு பிள்ளை இருக்கும், கோயிலில அழுதால் தூக்கிக்கொண்டு வெளியில போக வேண்டியும் வரலாம்.

உங்கட ஊர்க் கிளினிக் வியாழக்கிழமை எண்டு எழுதியிருக்கிறியள். இந்த வியாழன் போங்கோ. போன வருசம் பிரைவேட்டில எடுத்த ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கோ, ரத்த வகை அதில இருக்கும். மாமி கூட வந்தால், டொக்டரிட்ட உள்ள போகேக்க அவவைக் கொஞ்சம் வெளியில வாங்கில இருக்கச் சொல்லுங்கோ.